வெள்ளைப் பெட்டிக்கு அடியில் முளைத்த புல்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, நான் ஒரு பேருந்தைக் கோட்டைவிட்டதால் வந்தது.

வேறொரு கதைக்குத் தகவல் சேகரிக்க வேறொரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி மாறுவதற்காக இறங்கிய ஊர் இது. மே மாதம், பகல் பன்னிரண்டே கால். அடுத்த வண்டி எப்போது என்று நேரக் காப்பாளரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலரைக்கு சார். இந்த வெயில்ல எவன் வண்டிய எடுப்பான்? வெயில் தாழட்டும்."

நான் கடலோரத்துக்காரன். எங்கள் ஊரில் வேர்வை காயவே காயாது. அதைப் பற்றிப் புலம்புவதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. இந்த ஊரிலோ வேர்வை வெளியே எட்டிப் பார்க்கும் முன்பே காணாமல் போனது. நிழல் தேடி நிலையத்துக்குப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சின்ன அலுவலகம். அதன் முன்னால் வேலி போட்ட வெற்று நிலம். நிலத்தின் நடுவில், நான்கு கால்களில், என் நெஞ்சு உயரத்தில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி.

அலுவலகக் காவலாளி தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். என் காலடியில் ஒரு காரியம் செய்தார், ஒரு வாக்கியம் சொன்னார். இந்தக் கதை மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை இப்போதே சொன்னால் ஏழாம் பகுதி வீணாகிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "அந்த ஊரைச் சூரியன் தண்டித்துக்கொண்டிருந்தது."

[கைவிட்டேன். அங்கிருந்த நான்கு மணி நேரத்தில் தண்டனை அனுபவிப்பவர்போல ஒருவரும் தென்படவில்லை, என்னைத் தவிர.]

இரண்டாம் தொடக்கம்: "வறண்ட நிலம். வறண்ட முகங்கள். வறண்ட—"

[இதற்காக வெட்கப்படுகிறேன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியது.]

மூன்றாம் தொடக்கம்: "மேற்கே மலை."

இது நின்றது. ஏனென்றால் அந்த ஊரில் எதைக் கேட்டாலும் பதில் கடைசியில் மலையில்தான் போய் முடிகிறது. கடலிலிருந்து கிளம்பும் மேகங்கள் அந்த மலையில் மூச்சுவாங்க ஏறி, கொண்டுவந்ததையெல்லாம் அந்தப் பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிடுகின்றன. இந்தப் பக்கம் இறங்குவது வெறும் காற்று. அதுவும் இறங்க இறங்கச் சூடேறும் காற்று. மலைக்கு அந்தப் பக்கம் நடந்தால் காலில் அட்டை ஏறும். இந்தப் பக்கம் நடந்தால் ஓணான் நின்று வேடிக்கை பார்க்கும். நடுவில் இருப்பது இருபது கிலோமீட்டர்தான்.

வருஷத்துக்கு நானூற்று எண்பது மில்லிமீட்டர் மழை. அதையும் இருபத்தெட்டே நாளில் பெய்து கணக்கை முடித்துவிடும். மீதி முந்நூற்று முப்பத்தேழு நாளும் வானத்துக்கு விடுமுறை. அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உலோகத் தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். பறவை குடித்துவிடாமல் மேலே கம்பிவலை. தினம் எவ்வளவு ஆவியாகிறது என்று அளப்பதற்காக. மே மாதத்தில் ஒரு நாளைக்குப் பதினான்கு மில்லிமீட்டர் போய்விடுகிறது. மொத்த வருஷத்துக்கும் கூட்டிப் பார்த்தால், வானம் ஒரு படி கொடுத்துவிட்டு ஐந்து படி திருப்பிக் கேட்கிறது. பாதி வறண்ட நிலம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததற்கு இதுதான் அர்த்தம் என்பது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில், அந்தத் தட்டின் முன்னால்தான் விளங்கியது.

(ஒரு குறிப்பு: நான் இந்த ஊரை வியந்து எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், வியந்துதான் எழுதுகிறேன். வெயிலை வியக்கவில்லை. வெயிலோடு கணக்குப் போட்டுக் குடித்தனம் நடத்தும் அந்த மூளையை வியக்கிறேன்.)

தெருக்களையே பாருங்கள். எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. வேண்டுமென்றே குறுகலாக வைத்து, இரண்டு பக்கமும் சுவரை உயர்த்தியிருக்கிறார்கள். காலையில் கிழக்கு ஓரத்தில் நிழல், மாலையில் மேற்கு ஓரத்தில் நிழல். ஊர் முழுக்க அந்தந்த நேரத்துக்கு அந்தந்த ஓரமாகத்தான் நடக்கிறது. சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோனவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரே ஓரத்தில் எதிரெதிரே வந்தாக வேண்டும்; வெயிலில் இறங்கி ஒதுங்கிப் போகும் அளவுக்கு எந்தச் சண்டையும் பெரிதில்லை. அதனால் அங்கே பகை நாலு நாளைக்கு மேல் தாங்குவதில்லை என்று காவலாளி சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கடைகள் காலை ஐந்துக்குத் திறந்து பதினொன்றுக்கு மூடுகின்றன. மேகமே இல்லாததால் இரவெல்லாம் சூடு மேலே ஏறிப் போய்விடும். விடியற்காலையில் போர்வை தேடும் அளவுக்குக் குளுமை. அந்த இரண்டு மணி நேரத்தை அவர்கள் அனுபவிப்பதைப் பார்க்க வேண்டும். ஊரே வெளியே வந்து உட்கார்ந்திருக்கும். தண்ணீரோ மூன்று வேலை செய்யாமல் யார் வீட்டையும் விட்டு வெளியேறாது. முகம் கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவியது தரைக்கு, மிஞ்சியது மரத்துக்கு.

3

இப்போது அவர்.

ஊரில் அவருக்குப் பெயர் டிகிரியக்கா. வானிலைப் பதிவாளர். வயது நாற்பத்தொன்று. பதினைந்து வருஷமாக, வெப்பமானிகள் வைத்த அந்த வெள்ளைப் பெட்டியைத் தினம் மூன்று வேளை திறந்து பார்க்கிறவர். காலை எட்டரை, பகல் இரண்டரை, மாலை ஐந்தரை. அந்த மாலை நேரத்தில்தான் அன்றைய உச்ச வெப்பத்தைக் காட்டும் வெப்பமானியைப் படிப்பார். படித்ததை நகராட்சி வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்.

[அவருக்கு ஒரு சோகம் கொடுத்திருந்தேன். கல்யாணம் நின்றுபோனது, சன்னலோரம், பெருமூச்சு. பத்து வரி. அடுத்த முறை போனபோது, நகராட்சி எழுத்தர் ஒருவரை அவர் செய்த கிண்டலில் நானே நாற்காலியிலிருந்து சரிந்தேன். பத்து வரியையும் அடித்துவிட்டேன்.]

அவர் படிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். அலுவலக வாசலிலிருந்து பெட்டி வரை நாற்பத்திரண்டு அடி. செருப்பைத் தேய்க்காமல் நடப்பார். பெட்டியின் கதவு வடக்கே பார்த்திருக்கும். உள்ளே நேர் வெயில் விழக் கூடாது. திறக்கும் முன் மூச்சை அடக்கிக்கொள்வார், மூச்சுக் காற்று பட்டால் பாதரசம் நகர்ந்துவிடும் என்பதற்காக. முதலில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் படிப்பார். முழு எண் எங்கும் ஓடிப்போகாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் ஆள் கிட்டே வந்ததுமே நழுவப் பார்க்கும். கதவை மூடி, நான்கு அடி பின்னால் வந்து, அப்புறம்தான் மூச்சு விடுவார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக எழுதுகிறேன். ஒரு வாக்கியத்துக்காவது நான் மூச்சை அடக்கியதில்லை.

4

காவலாளி.

இவருக்கு ஊர் வைத்த பெயர் நிழலு. காலையில் கட்டடத்துக்கு மேற்கே நாற்காலி போடுவார். நிழல் சுருங்கச் சுருங்க நாற்காலியும் நகரும். உச்சிப் பொழுதில் சுவரோடு முதுகு ஒட்டியிருக்கும். பிறகு கிழக்குப் பக்கம் மாறிவிடும். சாயங்காலத்துக்குள் கட்டடத்தை அரைச் சுற்று முடித்திருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தே தெருவில் போகிறவர்கள் மணி சொல்வார்கள்.

டிகிரியக்காமேல் அவருக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. "எங்க அக்கா பார்த்து சொன்னாத்தான் சார் இந்த ஊருக்கே வெயிலு" என்பார். இதில் காதல் ஏதும் இருக்கிறதா என்று எழுத்தாளப் புத்தியோடு மோப்பம் பிடித்தேன். இல்லை. அவருக்கு வீட்டில் மனைவியும், கல்லூரி போகும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். மரியாதை மரியாதையாகவே இருக்க முடியும் என்பதை நம்மைப் போன்றவர்கள் மறந்துவிடுகிறோம்.

5

கதைக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

அந்த ஊர் நகராட்சியில் ஒரு விதி இருக்கிறது. மாலையில் கரும்பலகையில் எழுதும் எண் நாற்பத்தைந்தைத் தொட்டால், மறுநாள் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை வெட்டவெளியில் எந்த வேலையும் நடக்கக் கூடாது. சம்பளத்தில் கை வைக்கவும் கூடாது. போராடி வாங்கிய விதி. டிகிரியக்கா எழுதுவது எண்தான் என்றாலும், அந்த எண்ணுக்குக் கீழே நானூறு ஐந்நூறு பேர் நிற்கிறார்கள்.

அதில் ஒருவர் அவருடைய சொந்த அண்ணன். சாலை போடும் வேலையில் தார் காய்ச்சுகிறவர். ஜல்லி கொட்டுகிறவர்களுக்காவது கை மாற்றிக்கொள்ள ஆள் உண்டு. தார்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்பவர் நகர முடியாது. சூடு குறைந்தால் தார் இறுகும், கூடினால் தீப்பிடிக்கும். மேலே ஒரு நெருப்பு, கீழே ஒரு நெருப்பு, நடுவில் ஐம்பது வயது மனிதர்.

அண்ணன், அண்ணி, டிகிரியக்கா மூவரும் ஒரே வீடு.

போன வருஷம் மே மாதம் எண் இப்படிப் போனது: 44.6. 44.8. 44.5. 44.7. 44.9. மறுபடி 44.6. சொல்லிவைத்தாற்போல் நாற்பத்தைந்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றது. ஊரே வேகிறது, எண் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. இப்படித் தொடங்கிய ஒன்பதாம் நாள் அண்ணன் பீப்பாய்க்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். தார்மேல் விழாமல் ஜல்லிமேல் விழுந்தது யார் செய்த புண்ணியமோ. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கப் பாட்டில் ஏற்றினார்கள். பதினொன்றாம் நாள் மறுபடி வேலைக்குப் போனார். அன்று மாலை பலகையில் 44.8.

வீட்டில் அண்ணி தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் புரிந்தது.

"ஏம்மா, நான் படிக்காதவ, தெரியாமத்தான் கேக்குறேன். ரெண்டு புள்ளி. கடுகளவு. ஒரு நாளைக்குக் கூட எழுதினா மலை இடிஞ்சு விழுந்துடுமா?"

டிகிரியக்கா தண்ணீர்ச் செம்பை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"உங்கண்ணன் கீழ விழுந்தப்ப எந்த டிகிரி வந்து தூக்குச்சு?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "விடு. அவ வேலையில தலையிடாத."

"நீங்க பேசாதீங்க. உங்களுக்காகத்தான் பேசுறேன்."

"எனக்காகவும் வேணாம். பாப்பா எத பார்க்குதோ அத எழுதட்டும்."

நாற்பத்தொரு வயதிலும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். தங்கையிடம் அவர் ஒரு நாளும் எண் கேட்டதில்லை. ஊரே தெருவில் மறித்து "என்னக்கா, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்கும்போது, அந்த எண்ணால் பிழைக்கவோ சாகவோ வேண்டிய ஒரு மனிதர் மட்டும் கேட்கவில்லை. டிகிரியக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அண்ணன் கேட்டிருந்தால்கூடத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன் என்று என்னிடம் சொன்னார்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது.

சாலைக் காண்ட்ராக்டரைப் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடி, தங்கச் சங்கிலி எல்லாம் மாட்டிவிட்டேன். எண் நாற்பத்தைந்தைத் தொடாமல் இருப்பதற்காக அவர் ஆள் வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில்—

[கைவிட்டேன். அந்தக் காண்ட்ராக்டரை நேரில் பார்த்தேன். கல் அடைத்த சிறுநீரகத்தோடு அவதிப்படும் ஒல்லியான மனிதர். வெயிலைப் பற்றிக் கேட்டால் தன் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார். இப்படி ஒரு சதிக்கு அவருக்குப் பொறுமையும் கிடையாது, மூளையும் கிடையாது.]

அப்புறம், டிகிரியக்காவை நானே வழிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். "அன்று மாலை அவர் 45.0 என்று எழுதினார்." எழுதிவிட்டு மூன்று நாள் அந்த வாக்கியத்தோடு குடியிருந்தேன். அழகான வாக்கியம்தான். ஐந்நூறு பேர் நிழலுக்குப் போகிறார்கள், அண்ணன் காலை நீட்டிப் படுக்கிறார், அண்ணி சிரிக்கிறார். எனக்கு ஒரு பேனா அசைவுதான் செலவு. ஆனால் அவர் அந்தப் பெட்டி முன்னால் மூச்சடக்கி நின்றதைப் பார்த்தவன் நான். என் வாக்கியத்தில் இருந்த பெண் மூச்சே அடக்கவில்லை. நேராகப் போய் எழுதினாள். அது வேறு யாரோ. அடித்துவிட்டேன்.

7

பன்னிரண்டாம் நாள், பகல் இரண்டரை.

நாற்பத்திரண்டு அடி நடந்து, பெட்டியைத் திறந்து, படித்து, மூடி, நான்கு அடி பின்னால் வந்தபோது ஏதோ பச்சையாகக் கண்ணில் பட்டது. மே மாதம் அந்த ஊரில் பச்சை என்றால் ஒன்று சாயம் அடித்த கதவு, இல்லாவிட்டால் கண்கோளாறு. குனிந்து பார்த்தார். பெட்டியின் கால்களுக்கு நடுவில் புல். ஐந்து இலை. விரல்நகம் உயரம்.

ரசித்துக்கொண்டு நிற்கும் ஆள் அல்ல அவர். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் மண் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் தொட்டுப் பார்த்தால் பொடியாக உதிரவில்லை. தட்டிச் சமன்படுத்தினாற்போல் கெட்டித்திருந்தது. ஒரு விரல் ஆழம் தோண்டினார். ஈரம்.

இங்கே கொஞ்சம் நின்று விளக்கிவிடுகிறேன், அவசரப்படாதீர்கள். அந்தப் பெட்டிக்கு அடியில் வெற்று மண்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் இருந்தால் அது ஆவியாகும். ஆவியாகும் தண்ணீர் சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பெட்டிக்குள் இருக்கும் காற்று, ஊர்க் காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்துவிடும். கொஞ்சம் என்றால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. எவ்வளவு என்று யாரும் திட்டமாகச் சொல்ல முடியாது. ஊர் ஒரு சூட்டில் வேகும், பெட்டி வேறொரு சூட்டைச் சொல்லும்.

"நிழலு! இங்க யாராவது தண்ணி ஊத்துனாங்களா?"

காவலாளி முகம் மலர எழுந்து வந்தார். பாராட்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறார்.

"நாந்தாங்க்கா. தினம் ஒண்ணேகாலுக்கு ஒரு வாளி."

"எதுக்கு?"

"அன்னிக்கு உங்க செருப்பு வாரு அறுந்து வெறுங்கால்ல தத்தித் தத்தி வந்தீங்கல்ல. உள்ளங்கால் கொப்புளிச்சுப் போச்சே. எனக்கு மனசே ஆறல. நீங்க வந்து நிக்கிற இடமாச்சேன்னு மறுநாள்லருந்து பெட்டியச் சுத்தித் தெளிச்சு வச்சேன். நீங்க வர்றதுக்குள்ள காஞ்சுடும், ஆனா கால் சுடாது பாருங்க."

அந்த ஊரில், வருகிறவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை அது: அவர்கள் நிற்கப்போகும் மண்ணில் தண்ணீர் தெளிப்பது. முகம் கழுவி, பாத்திரம் கழுவி, தரையும் துடைத்து மிஞ்சும் தண்ணீரை, வீட்டு மரத்துக்குக்கூட ஊற்றாமல், சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து அவர் ஊற்றியிருக்கிறார். பன்னிரண்டு நாளாக. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் இந்தத் தப்பை யாராலும் செய்திருக்க முடியாது.

இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். ஒரு வருஷம் கழித்து அலுவலக நிழலில் உட்கார்ந்த என் காலடியில் ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, வெள்ளைப் பெட்டியைக் காட்டி அவர் சொன்னது: "இங்க தெளிக்கலாம் சார். அங்க தெளிச்சுத்தான் ஒரு மனுஷனக் கொல்லப் பார்த்தேன்."

8

டிகிரியக்கா விஷயத்தை எடுத்துச் சொன்னதும் காவலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியை வெயிலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் வெயிலில் உட்கார்ந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

"அப்ப அண்ணன் விழுந்தது என்னாலதானா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். நாப்பத்தஞ்சு தாண்டியிருக்கலாம். தாண்டாமலும் இருந்திருக்கலாம். பார்க்காதத நான் எப்படிச் சொல்றது?"

ஐந்தரைக்கு உச்ச வெப்பமானி 44.7 காட்டியது. அன்றைக்கும் ஒன்றேகாலுக்கு ஒரு வாளி போயிருந்ததே. 44.7 என்றே எழுதினார். பிறகு பதிவேட்டில், பதினைந்து வருஷத்தில் அவர் அதிகம் தொடாத 'குறிப்பு' என்னும் கட்டத்தில் இப்படி எழுதினார்:

"பன்னிரண்டு நாட்களாகப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தெளிக்கப்பட்டது. இந்நாட்களின் அளவுகள் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். கவனிக்கத் தவறியது என் பொறுப்பு."

பின்னால் நின்று எட்டிப் பார்த்த காவலாளி, "என் பேர எழுதுங்கக்கா" என்றார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்ல."

"ஓரத்துல எழுதுங்க."

"ஓரத்துல எழுதக் கூடாது. போய் நாற்காலிய நிழல்ல போடுங்க."

அந்தக் குறிப்பு அவருக்கு என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். பதினைந்து வருஷப் பதிவுமேலும் சந்தேகம் விழும். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். (வந்தது. மூன்று கடிதம்.) யானைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் கதைக்குத்தான், அலுவலகத்தில் சறுக்கிய யானையிடம் விளக்கம் கேட்பார்கள்.

அலுவலகத்தைப் பூட்டிவிட்டு நேராக நகராட்சி வாசலுக்குப் போனார். கரும்பலகையில் 44.7 என்று எழுதினார். அதற்குக் கீழே பதிவேட்டில் எழுதிய மூன்று வாக்கியங்களையும் எழுத்துப் பிசகாமல் எழுதினார். கூட்டம் கூடிவிட்டது. ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு ஓடுகிற கூட்டம், அன்று நின்று வாசித்தது. "அப்ப நாளைக்கு வேலை உண்டா, கிடையாதா?" என்று யாரோ கேட்டார்கள். நகராட்சி எழுத்தர் வெளியே வந்து தலையைச் சொறிந்தார்.

"விதியில நம்பர் இருக்கு. சந்தேகம்னு ஒரு நம்பர் கிடையாதே. வேலை உண்டு."

9

பதின்மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டு. ஊருக்குக் கிழக்கே, கரிசல் பூமி கையகலம் பிளந்து கிடக்கும் இடத்தில் புதுச் சாலை.

இந்தப் பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை, மேஸ்திரி சொல்லக் கேட்டேன். அவர் பேச்சை அப்படியே வைத்திருக்கிறேன். காற்றையும் வெயிலையும் மட்டும் நான் சேர்த்தேன்.

அண்ணன் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றார். தார் பதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேர் வேலையில் இருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று, அடுப்பு வாய் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது.

"மேஸ்திரி, பலகைய பார்த்தீங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"பார்த்தேன். நாப்பத்தி நாலு புள்ளி ஏழு."

"கீழ எழுதியிருந்ததையும்?"

"அதையும் பார்த்தேன். அதுக்கென்ன இப்ப?"

"பதினஞ்சு வருஷமா பாப்பா அந்தப் பலகையில எழுதுது. ஒரு நாளாவது 'லாம்'னு எழுதியிருக்கா? இருக்கலாம், போகலாம்னு?"

மேஸ்திரி யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"தனக்குத் தெரியாததத் தெரியாதுன்னு ஊர் நடுவுல எழுதி வச்சிருக்கு. அது வேலைக்கே உலை வைக்கிற எழுத்து. எனக்காக ரெண்டு புள்ளி ஏத்தாத பொண்ணு, உண்மைக்காகத் தன் தலையையே கொடுத்திருக்கு. அதுக்குமேல எனக்கு நம்பர் வேணாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, பீப்பாயின் அடியில் எரிந்த விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். பதறாமல் இழுத்தார். ஒவ்வொரு கட்டையையும் மண்ணில் புரட்டி அணைத்தார். தார் அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான். இறுகிய தாரை மறுபடி பதத்துக்குக் கொண்டுவர அரை நாள் ஆகும். அதாவது அன்றைய வேலை முடிந்தது. அரை நாள் கூலி போச்சு, காண்ட்ராக்டர் கத்துவார், வேலையே போகலாம். எல்லாம் தெரிந்துதான் இழுத்தார்.

மேஸ்திரி விசிலை எடுத்து ஊதினார். பதினெட்டுப் பேரும் சாலையோரப் பாலத்துக்கு அடியில், காய்ந்த ஓடையின் நிழலில் போய்ப் படுத்தார்கள். அரை மணியில் செய்தி ஊருக்குள் வந்தது. கட்டட வேலைக்காரர்கள் இறங்கினார்கள். கல் உடைக்கிறவர்கள் இறங்கினார்கள். விதி எதுவும் அவர்களை இறங்கச் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது மேஸ்திரி அழுதார். கேட்டுக்கொண்டிருந்த நானும்தான்.

10

முடிவுகள்.

முடிவு அ: அன்று மாலை ஐந்தரை. காய்ந்த மண்மேல் நின்ற பெட்டியை டிகிரியக்கா திறக்கிறார். 45.4. ஊர் ஆர்ப்பரிக்கிறது. அண்ணன் செய்தது சரி என்று நிரூபணமாகிறது.

முடிவு ஆ: 44.6. தண்ணீரால் ஒரு புள்ளிகூட மாறவில்லை. காவலாளி நிம்மதியாக மூச்சு விடுகிறார். அண்ணன் தலைகுனிகிறார்.

முடிவு இ: மழை.

[இ-யை எழுதியதற்காக என்னை மன்னித்துவிடுங்கள். இருபத்தெட்டு நாளில் ஒன்றைத் திருடப் பார்த்தேன்.]

எது நடந்தது என்று டிகிரியக்காவிடமே கேட்டேன். அவர் பழைய பதிவேட்டை எடுத்துவந்து, பக்கத்தைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். பார்த்தேன். எனக்கு அந்த எண் தெரியும்.

"இத எழுதப்போறீங்களா?" என்று கேட்டார்.

"எழுதலாமா?"

"உங்க இஷ்டம். ஆனா அண்ணன் ஒரு நாளும் என்கிட்ட அத கேட்டதில்ல. இன்னிக்கு வரைக்கும்."

11

எண்ணைச் சொல்லப்போவதில்லை.

சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன். நாற்பத்தைந்துக்கு மேலே என்றால் அவரைத் தீர்க்கதரிசி என்பீர்கள். கீழே என்றால் வேலைக்கு டிமிக்கி கொடுத்தவர் என்று மனசின் ஓரத்திலாவது நினைப்பீர்கள். பன்னிரண்டு நாள் அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று, ஒரு நாள் சுருண்டு விழுந்து, மறுபடி எழுந்து நின்ற மனிதரை, மாலை ஐந்தரைக்கு நிழலில் படிக்கும் ஒரு எண்ணை வைத்து எடை போடுவீர்கள். அதற்கு நான் தராசு பிடிக்க மாட்டேன்.

ஆனால் கதைக்கு முடிவு இல்லாமல் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பதிவேட்டின் அந்த வரியை இங்கே திறந்து வைத்துவிட்டுப் போகிறேன்:

நாள்: பதின்மூன்று. மண்: காய்ந்தது. காற்று: மேற்கு. உச்ச வெப்பநிலை: ............ பார்த்தவர் கையெழுத்து: ............

நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். எண்ணை எழுதினால் கையெழுத்தும் நீங்கள்தான் போட வேண்டும். போடுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு மே மாதம், பகல் பன்னிரண்டுக்கு, உங்கள் ஊரில் சாலை போடும் இடத்துக்குப் போய்த் தார்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.